இருட்டறையின் சாவி: ரா கோப்புகளும் எளிய மென்பொருள்களும் கடந்து வந்த வரலாறு

டிஜிட்டல் கேமராவில் பதிவாகும் ‘ரா’ கோப்பு, பெயர் உணர்த்துவது போலவே, சமைக்கப்படாத சரக்கு. ஒளியுணர் சில்லின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற அளவீடுகளை எண்களாக அடுக்கி வைத்திருக்கும் அக்கோப்பு, கண்ணால் பார்க்கத்தக்க படம் என்ற நிலையை இன்னும் எட்டாதது. படச்சுருள் காலத்து ஸ்டூடியோ வழக்கில் சொல்வதானால், ஒளி பட்டும் கழுவப்படாத ஃபிலிமுக்கு நிகரானது. அந்தக் கழுவும் வேலையைக் கணினியில் செய்யும் மென்பொருளே ரா மாற்றி என்றும் ரா திருத்தி என்றும் வழங்கப்படுகிறது. பல நூறு கருவிகள் அடங்கிய பெரிய மென்பொருளை விடுத்து எளிதான ஒன்றைத் தேர்ந்துகொள்ள விரும்புவோருக்கு இன்று வழிகள் பல திறந்திருக்கின்றன. ஆயினும் இந்தத் தேர்வு கணினிக் காலத்தில் முளைத்த புதிய சிக்கல் அன்று. படத்தைப் பிடித்தவரே அதைக் கழுவ வேண்டுமா, வேறொருவரிடம் ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் அதன் மீதான உரிமை யார் கையில் நிற்கும் என்னும் கேள்விகள் ஒளிப்படக் கலையோடு உடன்பிறந்தவை. ரா மென்பொருள்களின் வரலாறு அக்கேள்விகளுக்கு மீண்டும் ஒருமுறை விடை தேடிய வரலாறே ஆகும்.

நெகடிவும் கழுவலும்

1839இல் பிரான்சில் வெளியிடப்பட்ட டாகரின் முறை, வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மீது ஒரே ஒரு படத்தைத் தந்தது. அதிலிருந்து பிரதி எடுக்கும் வழி அம்முறையில் இல்லை. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறை வேறு திசையில் சென்றது. வேதிப்பொருள் தடவிய காகிதத்தில் ஒளி பட்டதும் கண்ணுக்குப் புலப்படாத மறைபிம்பம் ஒன்று உருவாகிறது என்பதையும், அதைக் கேலிக் அமிலம் கலந்த கரைசலால் வெளிக்கொணர முடியும் என்பதையும் டால்பட் கண்டறிந்திருந்தார். வெளிச்சமும் நிழலும் இடம் மாறி அமைந்த அந்தக் காகித நெகடிவிலிருந்து வேண்டிய அளவு பிரதிகள் எடுக்க இயன்றதால், படம் பிடித்தல், கழுவுதல், பிரதி போடுதல் என மூன்று தனித்தனிப் படிகள் தொழிலில் நிலைபெற்றன. படத்தின் தோற்றத்தை மாற்றியமைக்கும் வாய்ப்பும் ஒவ்வொரு படியிலும் உண்டாயிற்று.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப். 1857ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அடுத்த ஆண்டு வரை ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பெரிய நெகடிவ்களில் பதிவு செய்த அவர், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டைக் காட்ட 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரு தொடர்ப்படத்தையும் உருவாக்கினார். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாக வசப்படுவதாக இருந்தமையால் வானம் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ பதிவாயிற்று. டிரைப் நெகடிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார், மர இலைகளுக்கும் திருத்தம் செய்தார். பிற்காலத் தமிழக ஸ்டூடியோக்களில் பென்சில் கொண்டு நெகடிவில் முகத் தழும்புகளை மறைத்த ‘டச்சிங்’ வேலைக்கும், இன்றைய மென்பொருளில் வானத்தை மட்டும் கருமையாக்கும் வசதிக்கும் இவ்வகையில் நீண்ட முன்வரலாறு உண்டு. பதிவானது ஒன்று, காட்டப்படுவது வேறொன்று என்பது ஏமாற்று வேலையாக அன்றி, நெகடிவ் என்ற இடைநிலைப் பொருளின் இயல்பாகவே கருதப்பட்டது.

கழுவும் வேலையைப் பொதுமக்களின் கையிலிருந்து எடுத்துக்கொண்டு அதையே வணிகமாக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமரா 25 டாலர் விலையில், 100 படங்களுக்கான சுருள் உள்ளே பொருத்தப்பட்டே வந்தது. சுருள் தீர்ந்ததும் வாங்கியவர் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பி, 10 டாலர் கட்டணத்தில் கழுவிய படங்களையும் புதிய சுருள் ஏற்றிய கேமராவையும் திரும்பப் பெற்றார். பொத்தானை அழுத்துவதோடு வாடிக்கையாளரின் பொறுப்பு முடிந்தது. ஒளிப்பட வரலாற்றில் ‘எளிமை’ என்னும் சொல் முதன்முதலாகப் பெருவணிகப் பொருள் பெற்றது இங்குதான். அந்த எளிமையின் உட்பொருள் வேலை குறைந்தது என்பதன்று, வேலை இடம் மாறியது என்பதே.

இடமாற்றத்தின் விலை எவ்வளவு என்பதைக் கோடகுரோம் படச்சுருளின் கதை காட்டுகிறது. 1935இல் அறிமுகமான இந்த வண்ணச் சுருளில் வண்ணப் பொருள்கள் சுருளுக்குள் இல்லாமல் கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. ஆகவே அதைக் கழுவும் முறை வீட்டு இருட்டறையில் செய்ய இயலாத அளவு சிக்கலானதாக இருந்தது. அமெரிக்காவில் கழுவும் கட்டணத்தையும் சேர்த்தே சுருளை விற்று வந்த கோடாக் நிறுவனம், 1954இல் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவ்வழக்கத்தைக் கைவிட நேர்ந்தது. 2009இல் சுருளின் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரில் எஞ்சியிருந்த கடைசிக் கழுவுகூடம் 2010 டிசம்பர் 30ஆம் நாளோடு சுருள்களைப் பெற்றுக்கொள்வதை நிறுத்தியது. அதன்பின் பெட்டியடியில் கிடந்து அகப்பட்ட சுருள்களின் மறைபிம்பங்களுக்கு, அவற்றுக்கு உரிய வண்ண முறையில் வெளிப்படும் வழி அடைபட்டது. கழுவும் முறை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது படத்தின் ஆயுளும் அந்நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்து நிற்கிறது என்னும் இந்தப் பாடம், ரா கோப்புகளின் காலத்தில் மீண்டும் படிக்கப்பட வேண்டியதாயிற்று.

எண்களாலான நெகடிவ்

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேகரிக்கும் சிசிடி என்னும் சில்லின் கருத்துரு 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரால் வகுக்கப்பட்டது. 1975இல் ராசெஸ்டர் நகரக் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு உருவாக்கிய கேமரா, 100 வரிசை, 100 நிரல் என்ற அளவிலான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒரு வடிகட்டி அமைப்புதான் இன்றுவரை பெரும்பாலான கேமராக்களின் அடிப்படையாக விளங்குகிறது. அதற்கான காப்புரிமை 1976இல் வழங்கப்பட்டது.

சில்லுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டியை மட்டும் பொருத்தி, நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற கணக்கில் கோலப் புள்ளிகளைப் போல மாற்றி மாற்றி அமைப்பது பேயரின் திட்டம். பச்சைக்கு இரட்டைப் பங்கு தரப்பட்டதற்குக் காரணம், மனிதக் கண் ஒளியின் நுண்வேறுபாடுகளைப் பச்சைப் பகுதியிலேயே மிகுதியாக உணர்கிறது என்பதாகும். இதன் விளைவாக ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. எஞ்சிய இரண்டு நிறங்களும் அண்டையிலுள்ள புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. முடிந்த வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு கணிப்பால் பெறப்பட்டவை என்பதால், ஒரே ரா கோப்பை இரண்டு மென்பொருள்கள் திறக்கும்போது இரண்டு வேறு படங்கள் கிடைப்பதில் வியப்பில்லை.

இந்த இடைவெளி நிரப்பலுக்கு முன்னும் பின்னும் வேறு சில படிகள் உள்ளன. படம் பிடித்த இடத்தின் ஒளி மஞ்சள் விளக்கினுடையதா, மேகம் மூடிய வானத்தினுடையதா என்பதற்கேற்ப நிறங்களைச் சரிக்கட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது வெண்சமநிலை எனப்படும். சில்லின் அளவீடு ஒளிக்கு நேர்விகிதத்தில் அமைந்திருப்பதால், அதைக் கண்ணின் இயல்புக்கு ஒத்தவாறு வளைத்துக் கொடுப்பது தொனி வளைவு எனப்படும். அதன்பின் கூர்மையாக்கலும் இரைச்சல் புள்ளிகளை நீக்கலும் நடைபெறுகின்றன. கேமரா ஜேபெக் கோப்பைத் தரும்போது இவ்வேலைகள் யாவும் அதற்குள் இருக்கும் சிறு செயலியால் நொடிப்பொழுதில் முடிந்துவிடுகின்றன. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துக் கோப்பைச் சுருக்குவது. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள் மட்டுமே இருக்க, 12 பிட் ரா கோப்பில் 4,096 படிநிலைகளும் 14 பிட் கோப்பில் 16,384 படிநிலைகளும் இருக்கின்றன. நிழலில் மறைந்த முகத்தையும் வெளுத்துப்போன வானத்தையும் ஓரளவு மீட்கும் இடம் ராவில் கிடைப்பது இந்த வேறுபாட்டினால்தான். ஜேபெக், தொழிற்சாலைக்கு அனுப்பிக் கழுவி வாங்கிய படம். ரா, சொந்த இருட்டறைக்குக் கொண்டுவந்த சுருள். ஈஸ்ட்மன் ஏற்படுத்திய பிரிவினை ஒரு நூற்றாண்டுக்குப் பின் கேமராவின் ஒரு தெரிவுப் பட்டியலுக்குள் வந்து அமர்ந்தது.

பூட்டுகளின் காலம்

1991இல் நிக்கான் எஃப்3 கேமராவின் உடலில் சில்லைப் பொருத்திக் கோடாக் விற்ற டிசிஎஸ் கேமரா, 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட படத்தைத் தந்தது. தோளில் தொங்கவிடும் தனிப் பெட்டியிலிருந்த 200 மெகாபைட் வட்டு, சுருக்கப்படாத 156 படங்களைத் தாங்கியது. ஏறத்தாழ 20,000 டாலர் விலையுள்ள இக்கருவியைச் செய்தித்தாள் நிறுவனங்கள் போன்றவையே வாங்க முடிந்தது. 1999இல் வெளிவந்த நிக்கான் டி1, 2003இல் 1,000 டாலருக்குக் குறைவான விலையில் வந்த கேனான் 300டி ஆகியவற்றுக்குப் பின்னரே ரா கோப்பு பொதுப் பயனர்களின் கைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கோப்பு அமைப்பை வகுத்துக்கொண்டது: நிக்கானுக்கு என்இஎஃப், கேனானுக்கு முதலில் சிஆர்டபிள்யூ, பின்னர் சிஆர்2, அதன்பின் சிஆர்3, சோனிக்கு ஏஆர்டபிள்யூ, ஃபூஜிஃபிலிமுக்கு ஆர்ஏஎஃப் என்று பெயர்கள் பெருகின. அவற்றின் உள்ளமைப்பை விளக்கும் முழுமையான ஆவணங்கள் பொதுவில் வைக்கப்படவில்லை. கோப்பைத் திறக்க நிறுவனம் தரும் மென்பொருளையே நாட வேண்டியிருந்தது, நிக்கான் கேப்சர் போன்றவை தனி விலைக்கும் விற்கப்பட்டன.

இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்க முற்பட்டவர் அமெரிக்க நிரலாளர் டேவ் காஃபின். 1997இல் கேனான் பவர்ஷாட் 600 கேமராவின் கோப்புகளைப் படிப்பதற்காகத் தொடங்கிய டிசிரா என்னும் நிரலை அவர் எந்தக் கணினியிலும் இயங்கத்தக்க எளிய சி மொழியில் எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். கோப்புகளின் எண்களை ஆராய்ந்து அமைப்பை ஊகிக்கும் இவ்வேலையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்த அவர், 2018இல் வந்த கடைசிப் பதிப்பு வரையில் எழுநூறுக்கும் மேற்பட்ட கேமராக்களுக்கு வழி செய்தார். பொத்தான்களோ சாளரங்களோ இல்லாத, கட்டளை வரியில் மட்டும் இயங்கிய அந்நிரல் சாதாரணப் பயனருக்கு எளிதானதாக இல்லை. எனினும் பிற்காலத்தில் தோன்றிய எளிய மென்பொருள்கள் பல அதன் தோள்மீதே நின்றன. உடி ஃபூக்ஸ் உருவாக்கிய யூஎஃப்ரா அதற்கு ஒரு முகப்பை அளித்தது. 2008இல் டிசிராவிலிருந்து கிளைத்த லிப்ரா என்னும் நிரல் நூலகம், 2019இல் விண்டோஸ் இயங்குதளத்திலேயே ரா கோப்புகளைப் பார்க்க உதவும் இணைப்புக்கும் அடிப்படையாயிற்று.

வணிகத் தரப்பில் திருப்பத்தை ஏற்படுத்தியவர் தாமஸ் நோல். தந்தையின் வீட்டு இருட்டறையில் படம் கழுவிப் பழகிய இவர், தம்பி ஜானுடன் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் அடோபி நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. 2003 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப்புக்குத் துணைநிரலாக 99 டாலர் விலையில் அவர் அளித்த கேமரா ரா, பல நிறுவனங்களின் கோப்புகளை ஒரே சாளரத்தில், ஒரே வகையான ஸ்லைடர்களைக் கொண்டு கழுவ வழி செய்தது; அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ் பதிப்பில் அது உள்ளேயே சேர்க்கப்பட்டது. கேமராவுக்கு ஒரு மென்பொருள் என்ற நிலை மாறி, ஒரே மென்பொருளில் எல்லாக் கேமராக்களும் என்ற நிலை தோன்றியதை எளிமையை நோக்கிய முதல் பேரடியாகக் கொள்ளலாம். ஆனால் புதிய கேமரா வரும்போதெல்லாம் புதிய கேமரா ராவும், சில ஆண்டுகளில் அதற்கேற்ற புதிய ஃபோட்டோஷாப்பும் தேவைப்பட்டதால், அந்த எளிமைக்குத் தொடர்செலவு என்ற நிழலும் உடன் வந்தது.

2004 செப்டம்பரில் அடோபி முன்வைத்த டிஎன்ஜி, ‘டிஜிட்டல் நெகடிவ்’ என்பதன் சுருக்கம். ஏற்கெனவே அறியப்பட்ட டிஃப் அமைப்பை ஒட்டி வகுக்கப்பட்டு, முழு விவரக்குறிப்பும் கட்டணமின்றிப் பொதுவில் வெளியிடப்பட்ட இவ்வமைப்புக்கு எந்தக் கேமராவின் கோப்பையும் மாற்றிக்கொள்ள ஓர் இலவச நிரலும் தரப்பட்டது. லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ போன்ற நிறுவனங்கள் தங்கள் கேமராக்களில் இதை ஏற்றன; பெருவிற்பனை நிறுவனங்களான கேனான், நிக்கான், சோனி ஆகியவை தத்தம் அமைப்புகளையே தொடர்ந்தன. அடுத்த ஆண்டே, நிக்கான் டி2எக்ஸ் கேமராவின் கோப்பில் வெண்சமநிலைத் தகவல் மறைகுறியாக்கப்பட்டிருப்பதாகத் தாமஸ் நோல் பொதுவெளியில் சுட்டிக்காட்டினார். காஃபின் அம்மறைகுறியை விடுவித்துத் தம் நிரலில் சேர்த்தார். தகுதியுள்ள நிரலாளர்களுக்குத் தன் மென்பொருள் கருவித்தொகுதி கிடைக்கும் என்று நிக்கான் விளக்கமளித்தது. கோப்பு அமைப்புகளை வெளிப்படையாக ஆவணப்படுத்த வேண்டும் என்று கோரிய ஓப்பன்ரா என்னும் இயக்கம் தோன்றியதும் 2005இல்தான். தாம் பிடித்த படத்தின் வெண்சமநிலையைப் படிக்கவே கேமரா நிறுவனத்தின் இசைவு வேண்டுமா என்ற கேள்வியில், கோடகுரோம் காலத்து வாதம் உருமாறி எழுந்ததைக் காணலாம்.

எளிமையின் இலக்கணம்

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரா மென்பொருள்களின் வடிவம் அடிப்படையில் மாறியது. அதுவரை ஒரு கோப்பைத் திறந்து, கழுவி, வேறு வகைக் கோப்பாகச் சேமித்து, அதன்பின் திருத்தம் செய்வதே வழக்கம். டென்மார்க்கின் பிக்ஸ்மான்டெக் நிறுவனம் இலவசமாக அளித்த ராஷூட்டர் எசென்ஷியல்ஸ், நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாகப் பார்த்து, சில ஸ்லைடர்களை மட்டும் நகர்த்தி விரைவாக வேலையை முடிக்க உதவியமையால் எளிமை நாடியோரிடையே வரவேற்புப் பெற்றது. 2005இல் ஆப்பிள் 499 டாலர் விலையில் வெளியிட்ட அப்பர்ச்சர், படங்களைச் சேகரித்து வகைப்படுத்தும் பணியையும் கழுவும் பணியையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. அடோபியில் மார்க் ஹாம்பர்க் தலைமையில் உருவான லைட்ரூம், 2006 ஜனவரியில் சோதனைப் பதிப்பாகவும் 2007 பிப்ரவரியில் முழுமையான பதிப்பாகவும் வந்தது. இருட்டறைக்கு எதிர்ச்சொல்லாக அமைந்த அதன் பெயரே அதன் உரிமைகோரலை அறிவித்தது.

இம்மென்பொருள்களின் மையக் கருத்து, மூலத்தைத் தொடாத திருத்தம் என்பதாகும். ரா கோப்பில் ஓர் எண்ணும் மாற்றப்படுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு உயர்த்து என்பன போன்ற கட்டளைகள் மட்டும் தனியே குறிக்கப்பட்டு, படத்தைத் திரையில் காட்டும்போதும் பிரதி எடுக்கும்போதும் அவை நிறைவேற்றப்படுகின்றன. சமையற்குறிப்பு மாறுமேயன்றி அரிசி அப்படியே இருக்கும். இதனால் தவறு செய்வதற்கான அச்சம் நீங்கியது; பத்தாண்டுக்கு முன் செய்த திருத்தத்தைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கவும் இயன்றது. அச்சம் நீக்கியதே எளிமைக்கு இம்மென்பொருள்கள் ஆற்றிய முதன்மையான தொண்டு எனலாம். பொத்தான்களின் எண்ணிக்கையைக் குறைத்தது அதற்கு அடுத்ததே.

ஆனால் அக்குறிப்புகள் எங்கே எழுதப்படுகின்றன என்பதில் நிறுவனங்கள் வேறுபட்டன. சில மென்பொருள்கள் தமக்கே உரிய தரவுத்தளத்துக்குள் அவற்றை வைத்தன. சில, ரா கோப்பின் அருகிலேயே எக்ஸ்எம்பி என்னும் சிறு எழுத்துக் கோப்பாகவும் எழுதிவைக்க இடமளித்தன. அவ்வாறு எழுதிவைத்தாலும் ஒரு மென்பொருளின் ‘நிழல் 40’ என்ற கட்டளையை இன்னொரு மென்பொருள் அதே வகையில் நிறைவேற்றுவதில்லை, ஏனெனில் ஸ்லைடருக்குப் பின்னுள்ள கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு. லைட்ரூமிலேயே 2012இல் கழுவும் கணக்கு மாற்றியமைக்கப்பட்டு ஸ்லைடர்களின் பெயர்கள் மாறியபோது, பழைய படங்களின் தோற்றம் கெடாதிருக்கப் பழைய கணக்கையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டியிருந்தது.

சந்தாவும் கொடையும்

எளிய மென்பொருள்கள் பலவற்றின் முடிவு அவற்றின் குறையால் அன்றி, உரிமையாளரின் முடிவால் நேர்ந்தது. 2006இல் பிக்ஸ்மான்டெக்கை அடோபி வாங்கியதோடு ராஷூட்டரின் வளர்ச்சி நின்றது. அதன் கட்டணப் பதிப்பை வாங்கியிருந்தோருக்கு லைட்ரூமின் முதல் பதிப்பு இலவசமாகத் தரப்பட்டது. அப்பர்ச்சரின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக ஆப்பிள் 2014இல் அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது இயங்கவே இல்லை. வீட்டுப் பயனர்கள் பலருக்கு ரா கோப்பை முதன்முதலில் காட்டிய பிக்காசாவைக் கூகுள் 2016இல் நிறுத்தியது. நிக்கான் 2014இல் கேப்சர் என்எக்ஸ் 2 மென்பொருளுக்குப் பதிலாக இலவச என்எக்ஸ்-டியைக் கொண்டுவந்தபோது, பழையதில் செய்யப்பட்ட திருத்தங்கள் புதியதில் செல்லுபடியாகவில்லை. 2017 அக்டோபரில், ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் லைட்ரூம் 6ஆம் பதிப்போடு முடிகிறது என்றும் இனிச் சந்தா முறை மட்டுமே என்றும் அடோபி அறிவித்தது. சுருள் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கிய பழைய வணிக முறையின் சாயல் இம்மாற்றத்தில் தெரிகிறது. வேறுபாடு, அன்று கூலி சுருளுக்கு ஒருமுறை, இன்று மாதந்தோறும் என்பதே.

மறுபுறம், கட்டற்ற மென்பொருள்கள் அதே காலத்தில் முதிர்ந்தன. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் தொடங்கிய ராதெரப்பி, 2010 ஜனவரியில் மூல நிரலோடு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. யோஹானஸ் ஹானிகா 2009இல் தொடங்கிய டார்க்டேபிள், நெகடிவ்களைப் பரப்பிப் பார்க்கும் ஒளிமேசையையும் இருட்டறையையும் இணைத்துப் பெயர் பெற்று, அவ்விரு பெயர்களையே தன் இரு பகுதிகளுக்கும் சூட்டிக்கொண்டது. இவற்றுக்கு விலை இல்லை, இவற்றை எவரும் மூடிவிடவும் இயலாது. ஆனால் எளிமை இவற்றின் முதல் நோக்கமாக இருந்ததில்லை. இடைவெளி நிரப்பலுக்கு மட்டுமே பல கணக்கீட்டு முறைகளைத் தெரிவாக முன்வைக்கும் ராதெரப்பி, தொழில்நுட்பம் அறிந்தவருக்கு விருந்தாகவும் புதியவருக்குத் திகைப்பாகவும் அமைந்தது. சுதந்திரம் ஒரு பக்கமும் எளிமை மறுபக்கமுமாக இழுத்த இந்நிலையே, எளிய மென்பொருளைத் தேடுவோரின் இக்கட்டுக்கு வரலாற்றுக் காரணம்.

கேமரா நிறுவனங்களின் இலவச மென்பொருள்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், 2021இல் வந்த நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ போன்றவை, கேமராவுக்குள் செய்யப்படும் கழுவலையே கணினியில் நிகழ்த்துவதால் கேமரா திரையில் கண்ட நிறத்தை மாறாமல் தருகின்றன. 2017இல் ஃபூஜிஃபிலிம் அறிவித்த எக்ஸ் ரா ஸ்டூடியோ இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்று, கேமராவைக் கம்பியால் கணினியோடு இணைத்து, கேமராவின் செயலியையே கழுவும் வேலையில் ஈடுபடுத்துகிறது. அந்நிறுவனம் 2012 முதல் பயன்படுத்திவரும் எக்ஸ்-டிரான்ஸ் சில்லில் பேயரின் நான்குபுள்ளிக் கோலத்துக்கு மாறாக ஆறுக்கு ஆறு என்ற கோலம் இருப்பதால், பிற மென்பொருள்கள் அதைச் செம்மையாகக் கையாளச் சில காலம் பிடித்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கைபேசியில் திரும்பிய நெகடிவ்

பெரிய கேமரா நிறுவனங்கள் ஏற்காத பொது அமைப்பு, எதிர்பாராத இடத்தில் ஏற்பைப் பெற்றது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 இயங்குதளம் கைபேசிக் கேமராவின் ரா பதிவுக்கு டிஎன்ஜி அமைப்பைத் தேர்ந்துகொண்டது. 2016இல் ஐஓஎஸ் 10 அதே வழியில் சென்றது. 2020இல் ஆப்பிள் கொண்டுவந்த புரோரா கோப்பும் டிஎன்ஜி வடிவிலேயே அமைந்தது. 2012இல் கூகுள் வாங்கிய ஸ்னாப்சீட், 2015இல் ஆண்ட்ராய்டு கைபேசியில் இவ்வகைக் கோப்புகளைக் கட்டணமின்றிக் கழுவும் பகுதியைப் பெற்றது. வெளிச்சம், நிழல், வெண்சமநிலை என விரல்விட்டு எண்ணத்தக்க ஸ்லைடர்களே கொண்ட அப்பகுதி, இருட்டறை வேலையின் சாரம் அவ்வளவுதான் என்பதை மறைமுகமாக மெய்ப்பித்தது. பல நூறு கருவிகள் கொண்ட மென்பொருளிலும் பெரும்பாலான படங்களுக்குத் தேவைப்படுபவை வெண்சமநிலை, மொத்த வெளிச்சம், மிகு வெளிச்சப் பகுதி, நிழல், நிறச்செறிவு, வெட்டுதல், சாய்வு திருத்தல் என்ற ஏழெட்டு வேலைகளே.

தேர்வுக்கு வரலாறு தரும் அளவுகோல்

இவ்வரலாற்றிலிருந்து எளிய மென்பொருளுக்கான இலக்கணம் ஒன்றை வகுக்க முடியும். முதலாவதாக, அது மூலக் கோப்பை எந்நிலையிலும் மாற்றக்கூடாது; இரண்டாவதாக, திருத்தக் குறிப்புகளைப் படத்தின் அருகே, பயனரின் வட்டிலேயே, பிரதி எடுத்து வைக்கத்தக்க வடிவில் எழுத வேண்டும்; மூன்றாவதாக, முடிந்த படத்தை டிஃப் அல்லது ஜேபெக் போன்ற பொது வடிவில் தடையின்றி வெளியேற்ற வேண்டும்; நான்காவதாக, கட்டணம் நின்றாலும் நிறுவனம் நின்றாலும் ரா கோப்பைத் திறக்க வேறொரு வழி இருக்க வேண்டும். இந்நான்கும் அமைந்த பின்னரே, ஸ்லைடர்கள் எத்தனை, விலை என்ன, திரை அழகாக இருக்கிறதா என்ற கேள்விகள் எழத் தக்கன.

இந்த அளவுகோலின்படி, ஒரே நிறுவனத்தின் கேமராவை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்நிறுவனத்தின் இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதுமானது. கேமராக்கள் பலவாகும்போது அல்லது சந்தா ஏற்கத்தக்கதாக இல்லாதபோது கட்டற்ற மென்பொருள் ஒன்றின் அடிப்படைப் பகுதிகளை மட்டும் பழகிக்கொள்வது நீண்டகாலத்தில் எளிதானது. சந்தா மென்பொருளை விரும்பித் தேர்பவர், முடிந்த படங்களின் முழுத்தரப் பிரதிகளை ஆண்டுதோறும் வெளியே எடுத்து வைப்பது கடமை. எந்த வழியில் சென்றாலும் மூல ரா கோப்பு அழிக்கப்படாமல் இருக்க வேண்டும், ஏனெனில் கழுவும் கலை ஒவ்வொரு பத்தாண்டிலும் மேம்பட்டு வந்திருக்கிறது. 1997இல் பவர்ஷாட் 600 கேமராவுக்காகத் தொடங்கிய நிரலின் வழிவந்த லிப்ரா, அந்தக் கேமராவின் கோப்பை இன்றும் திறக்கிறது.